அரிட்டாபட்டி மலைக்கு யார் காப்பு?

மதுரை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,



அரிட்டாபட்டி மலையையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் ரத்து என்ற செய்தி 2025 ஜனவரி 23 அன்று வந்தபோது மேலூர்ப் பக்கத்து ஊர்களில் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியதுதான். நரசிங்கம்பட்டியில் தொடங்கி மதுரை தல்லாகுளம் வரை ஏலத்தை எதிர்த்து வெயிலில் நடந்த சனங்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் வெடிச் சத்தம் அடங்கிய கையோடு மலையைப் பற்றிய பேச்சும் அடங்கிவிட்டது. பறிக்க வந்தவர்கள் போய்விட்டார்கள், சரி. இனி அந்த மலையைப் பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டால் ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கை காட்டுகிறது. இந்த மடல் அதைப் பற்றியது.

முதலில் மலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோப்பில் நீங்கள் படித்திருப்பீர்கள். கோப்பில் அது 193.21 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம், 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது, அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்தது. ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 சுனைகள், மூன்று தடுப்பணைகள், ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் என்று அறிவிப்பு வரிசையாகச் சொல்கிறது. எண்ணிக்கை எல்லாம் சரிதான். ஆனால் ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று எண்ணிக்கை சொல்லாது.

இது மரம் அடர்ந்த மலை இல்லை. கிழக்கே மேலூரிலிருந்து வருகிறவருக்கு மொட்டைப் பாறையாகத்தான் தெரியும். அந்த மொட்டைத்தனத்தில்தான் விஷயமே இருக்கிறது. மழை விழுந்தால் மண்ணில் ஊறிப் போகாமல் பாறையில் வழிந்து இறங்குகிறது. வெடிப்பிலும் பள்ளத்திலும் தேங்குவது சுனை. அடிவாரத்துக்கு வருவது ஓடை. ஓடை வரத்துக் காலில் சேர்ந்து கண்மாய்க்குப் போகிறது. ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால் அடுத்த கண்மாய். ஆனைகொண்டான் கண்மாயை வெட்டியவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துதான் வெட்டியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் நெல் விளைகிறது. கோடையில் நீர் வற்றும்போது எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். வெள்ளைத் துண்டை வீசியதும் சாதி, ஊர் பார்க்காமல் எல்லாரும் ஊத்தாவும் கச்சாவுமாக உள்ளே இறங்குவார்கள். வயலில் எலியும் சிறு பறவைகளும் பெருகுகின்றன. அவற்றைப் பிடித்துத் தின்ன வல்லூறு வருகிறது. வல்லூறு கூடு கட்டுவது மறுபடியும் மலையின் செங்குத்துப் பாறையில். ஆக, மலை எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்று சர்வேயர் சங்கிலி பிடித்துச் சொல்ல முடியாது.

இது என் சொந்தத் தத்துவம் இல்லை. 2024 டிசம்பரில் பாரம்பரியத் தலத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற நிலத்தில் சுரங்கம் போடலாமா என்று மறு ஆய்வுக்கு ஒன்றிய அரசு சொன்னபோது ஊர்க்காரர்கள் கொடுத்த பதிலே இதுதான். நாயக்கர்பட்டித் தொகுதி என்று ஏலம் விட்டது 2,015 ஹெக்டேருக்கும் மேல். அதில் 193-ஐக் கழித்தால் போதும் என்று தில்லியில் கணக்குப் போட்டார்கள். சுற்றிலும் தோண்டிவிட்டு நடுவில் மலையை மட்டும் நிறுத்தி வைத்து என்ன செய்வது என்று இங்கே கேட்டார்கள். சட்டமன்றமும் டிசம்பர் 9 அன்று ஏலத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. கடைசியில் ஊர்க்காரர்கள் சொன்னதுதான் நின்றது. ஆனால் அரசுக் கோப்பில் இன்னமும் அந்த 193.21 ஹெக்டேர்தான் மலை. மலையிலிருந்து கண்மாய்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற வரத்துக் கால்களில் பல அந்தக் கோட்டுக்கு வெளியே கிடக்கின்றன. அவற்றில் மண் மேடிட்டாலும், யாராவது வரப்பைத் தள்ளிப் போட்டாலும் எந்த அறிவிப்பும் தடுக்காது.

கழிஞ்சமலைக் குகைக்கு நீங்கள் ஒரு முறை போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மழைநீர் உள்ளே வடியாதபடி குகையின் நெற்றியில் காடி வெட்டி, அதன் பக்கத்தில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் பெயர் பொறித்திருக்கிறார்கள். ஏறத்தாழ 2,200 ஆண்டுப் பழமை. 1971-இல் ஒரு கல்வெட்டைக் கண்டுபிடித்தார்கள். பின்னால் இன்னொன்றும் கிடைத்தது. நெல்வேலியைச் சேர்ந்த செழியன் ஒருவன் இந்தக் குகையை அமைத்துக் கொடுத்ததை ஒன்று சொல்கிறது. இலஞ்சி வேளின் வழிவந்த ஒருவன் கொடுத்ததை மற்றது சொல்கிறது. சமண முனிவர்கள் மழைக்காலத்தில் தங்கியிருக்க எங்கிருந்தோ வந்தவர்கள் செய்த கொடை. மீனாட்சிபுரத்து ஓவாமலைக்குப் போனால் மாங்குளம் கல்வெட்டுகள். 1882-இலேயே இராபர்ட் சுவெல் கண்டவை. நெடுஞ்செழியன் பெயர் அங்கே இருக்கிறது, வெள்ளறை நிகமத்தார் என்ற வணிகக் குழுவின் பெயரும் இருக்கிறது. அரசனும் வணிகனும் ஒரே மலையில். இந்த நாட்டின் மிகப் பழைய தமிழ் எழுத்துகளில் சில எங்கள் ஆடு மேய்கிற இடத்தில் கிடக்கின்றன; அவற்றை மேலூர்ப் பள்ளிக்கூடங்களில் எத்தனை பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

மலையின் மற்றொரு பக்கத்தில் முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயில். அதன் வெளிச்சுவரில் ஒரு பக்கம் பிள்ளையார், இன்னொரு பக்கம் இலகுலீசர். பாசுபத நெறியை வகுத்தவராகச் சொல்லப்படும் இலகுலீசரின் சிற்பம் தமிழகத்தில் அபூர்வம். வடக்கே குஜராத் பக்கத்துச் சாமி மேலூர்க் குன்றில் வந்து உட்கார்ந்திருக்கிறார். சமணமும் சைவமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்ட கதைகளையே கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இந்த மலையில் இரண்டும் ஒன்றின் முதுகில் ஒன்று இருந்து வந்திருப்பது சற்று ஆச்சரியமாக இருக்கும்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது தீர்த்தங்கரர் சிற்பத்தை. குகைக்குப் பக்கத்துப் பாறையில் அமர்ந்த கோலத்தில் இருக்கிறார். மேலே பூசிய பழைய வண்ணத்தின் தடம் இன்னும் தெரியும். அடியில் வட்டெழுத்தில் ஒரு கல்வெட்டு. இந்தத் திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தி என்ற சமண முனிவர். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகள் பலவற்றில் இவர் பெயரைக் காணலாம். மலையின் பெயர் திருப்பிணையன் மலை என்று அதில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் கடைசியில், இது யாருடைய பாதுகாப்பில் என்பதும் இருக்கிறது: பாதிரிக்குடியார் என்ற குடிகளின் காப்பில். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒரு சிற்பத்தைச் செய்துவைத்தவர், செய்ததோடு போகவில்லை. இன்னார் பொறுப்பு என்று பெயர் சொல்லிப் பாறையில் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார். அரசனை அவர் பொறுப்பாக்கவில்லை, குடிகளைத்தான் ஆக்கினார். நம் அரசாணைகளில் இல்லாத ஒரு வரி அது.

இன்றைக்கு நிலைமை என்ன? சிற்பமும் கல்வெட்டும் தொல்லியல் துறை. பாறையும் புறம்போக்கும் வருவாய்த்துறை. கண்மாய்களில் சில நீர்வளத்துறை, சில ஊராட்சி ஒன்றியம். எறும்புத்தின்னியும் தேவாங்கும் மலைப்பாம்பும் வனத்துறை. பாரம்பரியத் தலம் என்ற பட்டம் பல்லுயிர் வாரியம். மாவட்ட அளவில் இவர்கள் எல்லாரையும் ஒரே மேசைக்குக் கூப்பிடக்கூடிய நாற்காலி உங்களுடையது ஒன்றுதான். அதனால்தான் இந்த மடல் சென்னைக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறது.

சுரங்கத்துக்குப் பிறகு மலைக்கு வரக்கூடிய அடுத்த ஆபத்து சுற்றுலா என்று நான் நினைக்கிறேன். சிரிக்காதீர்கள். எங்கள் வட்டாரத்துக்கு இதில் அனுபவம் உண்டு. யானைமலையையே செதுக்கிச் சிற்ப நகரம் ஆக்கலாம் என்று கிளம்பிய திட்டம் மக்கள் எதிர்த்த பிறகுதான் நின்றது. கீழவளவில் சமணக் குகையை ஒட்டியே கிரானைட்டுக்காக வெட்டினார்கள். மிச்சம் நிற்கிற பாறையைப் பார்த்தால் எவ்வளவு நெருங்கி வந்தார்கள் என்று புரியும். மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகளில் முனிவர்களின் கற்படுக்கைகள் மேல் காதலர் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். தமிழிக்குப் பக்கத்திலேயே பெயிண்டில் இதயமும் அம்பும். அரிட்டாபட்டிக்குப் புகழ் வந்துவிட்டது. புகழுக்குப் பின்னால் வழக்கமாக வருவது சிமெண்ட்டுப் படிக்கட்டு, எவர்சில்வர் கைப்பிடி, செல்ஃபி மேடை, கண்மாய்க் கரையில் பேவர் கல், அதற்குமேல் வண்ண விளக்கு. செலவழித்ததற்குப் புகைப்படம் நன்றாக வரும் என்பது உண்மை.

இவையெல்லாம் வேண்டாம் என்பதற்கு ரசனை மட்டும் காரணம் இல்லை. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லி கழுகு என்று இந்த மலையைப் பேர் பெற வைத்த மூன்று வேட்டைப் பறவைகளும் பாறை விளிம்புகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது பெரும்பாலும் மார்கழியிலிருந்து சித்திரை வரை. சுற்றுலாக்காரர்கள் மலையேற ஆசைப்படுவதும் அதே குளிர்ந்த மாதங்களில், பொங்கல் விடுமுறையை ஒட்டித்தான். கூட்டுக்குப் பக்கத்தில் கூச்சலும் ட்ரோனும் வந்தால் தாய்ப்பறவை கூட்டை விட்டு எழும்பிவிடும். வெயிலில் முட்டை கெடும், குஞ்சு வாடும். ஆகவே அந்த மாதங்களில் கூடு இருக்கிற பாறைப் பக்கம் ஏறக்கூடாது, ட்ரோன் எக்காலத்திலும் கூடாது என்று ஓர் உத்தரவு போடுங்கள். இதற்குப் பட்ஜெட் வேண்டியதில்லை. குகையையும் கோயிலையும் பார்க்க வருகிறவர்களை ஊர்ப் பையன்களும் பெண்களும் கூட்டிப் போகட்டும். பயிற்சியும் கூலியும் கொடுத்தால் போதும். கல்வெட்டில் இருப்பதைப் படித்துச் சொல்கிற ஒரு பலகை அடிவாரத்தில் இருக்கட்டும், மலைமேல் வேண்டாம்.

ஊர்க்காரர்களுக்கும் சில சந்தேகங்கள் இருக்கின்றன. அவற்றை ஒளிக்க வேண்டியதில்லை. பாரம்பரியத் தலம் என்று சொல்லி நாளைக்கு ஆடு மேய்க்கக் கூடாது, சுள்ளி பொறுக்கக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது என்று வந்து நிற்பார்களோ என்ற பயம் முதல் அறிவிப்பு வந்தபோதே இருந்தது. நியாயமான பயம். காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி முதலில் மாட்டுக்காரனை விரட்டுவது நம் நாட்டில் பலமுறை நடந்திருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் இந்த விஷயத்தில் பரவாயில்லை. அதன் 37-ஆம் பிரிவு உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்துதான் தலத்தை அறிவிக்கச் சொல்கிறது. அறிவிப்பால் பிழைப்பு பாதிக்கப்படுகிறவர்களுக்கு ஈடு செய்யும் திட்டம் வகுப்பது மாநில அரசின் கடமை என்கிறது. 41-ஆம் பிரிவு ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கிறது. அந்தக் குழுவுக்குப் பணமும் சொல்லுக்கு மதிப்பும் இருந்தால்தான் அது குழு, இல்லாவிட்டால் பெயர்ப்பலகை. மேய்ச்சல் எங்கே, எப்போது, எந்தச் சுனைத் தண்ணீர் யாருக்கு என்பதை அந்தக் குழு தீர்மானிக்க வேண்டும். பல தலைமுறையாக அவர்கள் தீர்மானித்ததால்தான் அறிவிக்கும் அளவுக்கு இங்கே மிச்சம் இருந்தது. கிரானைட் காலத்தில் பக்கத்துக் குன்றுகள் கல்லாகப் போனபோது இந்த ஏழும் தப்பியது ஊர்க்காரர்கள் மறித்ததால்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2025-இல் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டிக் கோயில் காட்டையும் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இனியும் பல அறிவிப்புகள் வரும். அரிட்டாபட்டியில் நீங்கள் எப்படி நடத்திக் காட்டுகிறீர்களோ, அதைப் பார்த்துத்தான் மற்ற மாவட்டங்களும் செய்யும். முதல் தலத்தில் கம்பி வேலியும் படிக்கட்டும் வந்தால் எல்லா இடத்திலும் அதுவே வரும்.

என் வேண்டுகோள் இவ்வளவுதான். மலையிலிருந்து கண்மாய்கள் வரை உள்ள வரத்துக் கால்களை எல்லாம் அளந்து, கிராம வரைபடத்தில் ஏற்றி, 193 ஹெக்டேருக்கு வெளியே இருந்தாலும் அவை மலையின் பகுதி என்று உங்கள் கையெழுத்தில் ஓர் ஆணை வேண்டும். மேலே சொன்ன அலுவலகங்கள் எல்லாவற்றையும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவையும் ஒன்றாக உட்கார வைத்து, மலை மேலாண்மைக்கு எழுத்தில் ஒரு திட்டம் வேண்டும். அது தமிழில் இருக்க வேண்டும். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். அது முடிகிறவரை மலைமேல் ஒரு மூட்டை சிமெண்ட்டும் ஏறக்கூடாது.

அடுத்த கிராம சபை அரிட்டாபட்டியில் கூடும்போது நீங்களே நேரில் வாருங்கள். பொறியாளரை அழைத்து வராவிட்டாலும் பரவாயில்லை, கிராம வரைபடத்தை எடுத்து வாருங்கள். எந்த ஓடை எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று அதில் கோடு போட்டுக் காட்ட ஊரில் ஆள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மேலூர் வட்டாரத்துக் குடிமகன் ஒருவன்