சிறு தடுக்கிதழும் கற்றவர் கையும்

கல்வி என்பது ஏட்டோடு தொடங்கி ஏட்டோடு முடிவது என்று எண்ணுவார் நம்முள் பலர். கற்றவன் கையில் மைக்கறையன்றி வேறு கறை படிதல் தகாது என்பது எவரும் வாய்விட்டுக் கூறாத, ஆயினும் பெரும்பாலோர் கைக்கொண்டு ஒழுகும் கொள்கையாக இருக்கின்றது. யாமும் அண்மைக்காலம் வரை அக்கொள்கையினராகவே இருந்தோம். சென்ற விடுமுறையில், விரல் நீளமேயுள்ள சிறு பொருள் ஒன்று எம் கருத்தை மாற்றிற்று. அவ்வரலாற்றையும் அதனால் யாம் கொண்ட துணிபையும் நண்பர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

எம் இல்லம் காஞ்சிபுரத்தில், தறியொலி கேட்கும் பிள்ளையார்பாளையத்தில் உள்ளது. எம் தந்தையார் பழைய மாருதி 800 கார் ஒன்றை வைத்திருக்கின்றார். 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதல் வெளிவந்து, 2014-ஆம் ஆண்டு சனவரியில் உற்பத்தி நிறுத்தப்பெற்ற அவ்வகைக் கார், நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றிற்கு முதற் காராக அமைந்தது. மூன்று சிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய சிற்றெஞ்சின் அதனுடையது. எமக்கு அது ஆடம்பரப் பொருளன்று. வாரம் இருமுறை மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய எம் பாட்டியாருக்கு அதுவே கால்.

அக்கார் சில திங்களாக நின்றவிடத்தில் நடுங்கிற்று. எஞ்சினின் பொருத்துவாய்களில் எண்ணெய் கசிந்து தரையில் சொட்டிற்று. பழுது பார்ப்பார் ஒருவரிடம் காட்டினோம். எஞ்சின் தேய்ந்துவிட்டதென்றும், முழுதும் பிரித்துப் பிஸ்டன் வளையங்களை மாற்ற வேண்டுமென்றும் அவர் உரைத்தார். அவர் கேட்ட தொகை எமது ஓராண்டுக் கல்லூரிச் செலவை ஒத்திருந்தது. அன்றிரவு தந்தையார், "காரை விற்றுவிடுவோம்" என்றார். பாட்டியாரோ, "எனக்குப் பேருந்து பழக்கந்தானே, அப்பா" என்றார். பேருந்தின் படியில் கால் வைக்க அவர் படும் பாட்டை யாவரும் அறிவோமாதலின், எவரும் மறுமொழி கூறவில்லை.

மறுநாள் காலையில் அடுத்த வீட்டு நெசவாளப் பெரியவரிடம் இதனைக் கூறினோம். அவர் தறிக்குழியில் அமர்ந்தவாறே, "தம்பி, பாவிழை அடிக்கடி அறுந்தால் பட்டைக் குறை சொல்லலாகாது. முதலில் பண்ணையில் ஒரு பல் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தறியைப் பிரிப்பது கடைசி வேலை" என்றார். கார் ஓட்டியறியாத அவர் கூறிய இம்மொழியே எமக்கு வழிகாட்டிற்று. காரின் கையேட்டையும் எஞ்சின் பற்றிய நூலொன்றையும் தேடிப் பயிலத் தொடங்கினோம்.

யாம் கற்றறிந்தது இதுவாகும். எஞ்சினுள் எரிபொருள் எரியுங்கால், அவ்வாவியிற் சிறிது பிஸ்டன் வளையங்களைக் கடந்து, கீழேயுள்ள எண்ணெய் அறைக்குள் இறங்கிவிடுகின்றது. புதிய எஞ்சினிலும் இது நிகழ்வதே. அவ்வாவியில் எரியாத எரிபொருளும் நீராவியும் உள. அவை வெளியேறாது தங்கின், எண்ணெய் கெட்டுக் களியாகும். அறையில் அழுத்தம் மிகுந்து எண்ணெயைப் பொருத்துவாய்களின் வழியே பிதுக்கித் தள்ளும். இதனைத் தடுக்க அமைந்ததே எஞ்சினின் மேல்மூடியோடு இணைந்த ஒரு சிறு வால்வு. தமிழில் இதனைத் தடுக்கிதழ் என்னலாம். இதனுள் இருப்பன ஒரு சுருள்வில்லும் ஒரு சிறு முளையுமே. கார் நின்றவிடத்தில் எஞ்சின் மெல்ல ஓடுங்கால் உறிஞ்சும் விசை மிகுதலின், முளை இழுக்கப்பட்டு வழியைக் குறுக்கும். சாலையில் ஓடுங்கால் அவ்விசை குறைய, வில் முளையைத் தள்ளி வழியை அகற்றும். இங்ஙனம் கழிவாவி அளவோடு மீண்டும் எஞ்சினுக்குள் சென்று எரிந்தொழியும்.

முற்காலக் கார்களில் இவ்வாவி ஒரு குழாய் வழியே சாலையில் விடப்பட்டது. கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் புகைமூட்டம் வாட்டிய காலையில், ஹாகன்-ஸ்மிட் என்னும் அறிஞர், வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும் ஆவிகள் வெயிலிற் கலந்து மாறுபடுதலே அதற்குக் காரணம் என 1950-களின் தொடக்கத்தில் ஆய்ந்து காட்டினார். அதன் பயனாக 1961-ஆம் ஆண்டு வகைக் கார்கள் முதல் கலிபோர்னியாவிலும், 1963-ஆம் ஆண்டு வகைக் கார்கள் முதல் அமெரிக்கா முழுவதும் இத்தடுக்கிதழ் புதுக்கார்களிற் பொருத்தப்பட்டது. ஆதலின் இஃது எஞ்சினை மட்டுமன்றி, நாம் உயிர்க்கும் காற்றையும் காப்பதொன்று.

இத்தகைய தடுக்கிதழ் எண்ணெய்க் களியால் அடைபடின் யாது நிகழும்? எம் காரிற் கண்ட கேடுகளே நிகழும். தேய்ந்த எஞ்சினின் குறிகளும் இவற்றை ஒப்பன. ஆகவே சிறிய பொருளின் குற்றம் பெரிய பொருளின்மேல் ஏறுதல் எளிது.

எஞ்சின் நன்கு ஆறியபின் யாமே மூடியைத் திறந்தோம். குழாயின் பிடிப்பைத் தளர்த்தி, பழைய ரப்பர் கிழியாவண்ணம் மெல்லத் திருகிக் கழற்றி, தடுக்கிதழை வெளியே எடுத்தோம். அது எத்திசை நோக்கி இருந்தது என்பதைக் குறித்துக்கொண்டோம். மாறிப் பொருத்தின் ஆவி செல்லாது. கையில் வைத்துக் குலுக்கினோம். நல்ல தடுக்கிதழாயின் உள்ளிருக்கும் முளை 'கடகட'வென ஒலிக்க வேண்டும். எமது ஒலிக்கவில்லை, களி இறுகி அதனை அசையாது பிணித்திருந்தது. அதே அளவினதாகிய புதியதொன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கினோம். வெடிப்புற்றிருந்த குழாயையும் இறுகிப்போன ரப்பர் வளையத்தையும் மாற்றினோம். எண்ணெயையும் புதிதாக்கினோம். தடுக்கிதழைப் பொருத்தும் வேலை அரைமணிக்குள் முடிந்தது. நடுக்கம் நின்றது. கசிவு முழுதும் ஒழிந்ததென்று கூறோம். பழைய பொருத்துவாய் ஒன்றில் இன்னும் சிறிது ஈரம் காண்கின்றது. எனினும் தரையில் எண்ணெய் சொட்டுவதில்லை. பாட்டியார் காரிலேயே மருத்துவமனைக்குச் செல்கின்றார்.

இதனால் யாம் கொண்ட துணிபு, பெரிதைப் பழிக்குமுன் சிறிதைக் கையிலெடுத்துப் பார்த்தல் வேண்டும் என்பதும், அங்ஙனம் பார்த்தற்குக் கற்றவர் கை கூசலாகாது என்பதுமாம்.

"அவரவர் தொழிலை அவரவர் செய்க, மாணவன் நூலைக் கற்பதே முறை" என்பார் உளர். இம்மொழியில் ஓரளவு உண்மை உண்டு. பிரேக்கு, திசைமாற்றி போன்ற உயிர்காக்கும் உறுப்புகளைப் பயிலாதவர் தீண்டுதல் பெரும் பிழை. உண்மையிலேயே தேய்ந்து கரும்புகை கக்கும் வண்டியைப் பழமை பற்றிப் போற்றுதலும் நன்றன்று. தனியார் கார் பதினைந்து ஆண்டு கடந்தால், சோதித்துத் தகுதி கண்ட பின்னரே பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்னும் விதி தக்கதே. ஆனால் யாம் வேண்டுவது மாணவர் தொழிலாளர்தம் வேலையைப் பறித்தல் அன்று. அவ்வேலை இன்னதென்று அறிதலே. தாமே ஒரு குழாயைக் கழற்றி வியர்த்தவரே, நாள்தோறும் நூறு குழாய் கழற்றுவாரின் திறமையை மதிப்பர். அறியாதவரோ இருவகையில் இழிவர்: நேர்மையுள்ளவரை ஐயுறுவர், நேர்மையில்லாதவரை நம்புவர்.

எம் ஊரின் நிலை இதனை நன்கு விளக்கும். காஞ்சிப் பட்டின் உடலும் கரையும் வேறு வேறு நிறத்து ஊடையால் நெய்யப்பட்டுக் கோர்வையால் இணைவன. அவ்வாறே எம் முன்னோர் வாழ்வில் அறிவும் கையும் இணைந்திருந்தன. நெசவாளர் இழை அறுந்தால் தாமே முடிவர். தறி பழுதுற்றால் தாமே முதலில் ஆராய்வர். இன்றோ எம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதலும், ஒரகடத்தில் 2010 முதலும் பெருந்தொழிற்சாலைகள் கார்களைச் செய்து குவிக்கின்றன. கார் பிறக்கும் மாவட்டத்திற் பிறந்து, காரின் மூடியைத் திறக்க நாணுதல் நமக்கு அழகாமோ?

ஆகவே நம் கல்லூரியில், எத்துறை மாணவராயினும் வாரம் ஒரு மணி நேரம் கைவேலை பயில வழி செய்தல் வேண்டும் என்று வேண்டுகின்றோம். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டா. கல்லூரி வண்டிகளையும் மின்கருவிகளையும் பேணிவரும் பணியாளர்களையே அம்மணிக்கு ஆசிரியராக அமர்த்தலாம். அவர்களை நாம் 'ஐயா' என்றழைத்துக் கற்கும் அந்நாள், கருவிகளைப் பற்றிய அறிவினும் சிறந்ததொன்றை நமக்குத் தரும் என்பது எம் நம்பிக்கை.

வைகாசித் திருவிழாவில் வரதராஜப் பெருமாள் கோயில் தேர் வருங்கால், ஆயிரவர் வடம் பிடித்து இழுப்பர். காண்பார் கண்களெல்லாம் தேரின் முடியையே நோக்கும். சக்கரத்தின் அருகே குனிந்து, முட்டுக்கட்டையை உரிய நேரத்தில் இட்டு, அம்மாபெரும் தேரைத் திருப்பியும் நிறுத்தியும் வருவோரை நோக்குவார் சிலரே. இனித் தேர் வரும்பொழுது, யாம் முதற்கண் அக்கட்டையையும் அதனைப் பிடித்த கையையும் நோக்குவோம். நண்பர்களும் நோக்குவாராக.