கறை பல்லில் இல்லை

போன ஆண்டு எங்கள் துறை மாணவிகளை ஒகேனக்கல்லுக்கு அழைத்துப் போயிருந்தேன். பரிசலில் போய் இறங்கி, அருவிக்கு எதிரே ஒரு பாறைமேல் இருபத்திரண்டு பேரும் நின்றார்கள். சாரல் முகத்தில் அடித்தது. "சிரிங்கம்மா" என்று சொல்லி என் போனில் படம் எடுத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் ஏழெட்டுப் பேர் உதட்டை இறுக மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

திரும்பும்போது பேருந்தில் ஒருத்தி என் இருக்கையருகே வந்து குனிந்தாள். "மேம், ஒரு போட்டோல நான் வாயத் தொறந்துட்டேன். அத அப்படியே குரூப்ல போட்டுறாதீங்க. எனக்கு அனுப்புங்க, எடிட் பண்ணித் தர்றேன்."

அன்றிரவு திருத்திய படம் வந்தது. பழுப்புக் கோடுகள் ஓடிய அவளுடைய பற்கள் பளீரென்று வெளுத்திருந்தன. நான் கேட்காததும் நடந்திருந்தது: கன்னத்து மச்சம் காணோம், முகம் இரண்டு படி வெளுத்திருந்தது. பின்னால் காவிரி மட்டும் எடுத்த நிறத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவளை வாய்மூட வைத்தவர்களோடுதான் எனக்குச் சண்டை.

தருமபுரிக்காரர்களுக்கு இந்தப் பற்களின் கதை தெரியும். எங்கள் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பாறைக்குள்ளிருந்து கரைந்து வருவது அது. நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் முதல் எட்டு வயதுக்குள் அந்தத் தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தைக்குப் பல்லின் மேற்பூச்சிலேயே கறை விழுந்துவிடுகிறது. பிறகு எந்த நல்ல தண்ணீர் குடித்தாலும், எத்தனை முறை பல் துலக்கினாலும் அது போகாது. இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் வந்தது. ஜப்பானியக் கடனுதவியோடு 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் தொடங்கிவைத்தார்கள். இன்று என் வகுப்பில் இருபது வயதில் உட்கார்ந்திருப்பவளின் பற்கள் உருவான காலத்தில் அந்தக் குழாய் வரவில்லை. தன் பல்லைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஆற்றின் முன்னால் நின்றுகொண்டுதான் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அரசு தாமதமாகச் செய்த வேலையின் தழும்பு அது. அவமானப்பட வேண்டியது யார்? ஆனால் அவளல்லவா உட்கார்ந்து அழித்துக்கொண்டிருக்கிறாள்!

அதே கறை ஆண்பிள்ளைகளின் பல்லிலும் இருக்கிறது. அவர்கள் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். ஏனென்றால் அவர்கள் படம் வரன் பார்க்கிற வீடுகளில் கைமாறிக் கைமாறிப் பூதக்கண்ணாடியில் ஆராயப்படுவதில்லை. பெண்ணின் படம் அப்படி ஆராயப்படுகிறது. அதனால் 'பொண்ணு போட்டோ' எடுக்கிற ஸ்டுடியோவில் யாரும் அவளைக் கேட்பதில்லை. பல்லை மட்டும் தேர்ந்து மஞ்சளைக் குறைக்கிறார்கள், தோலைத் தேர்ந்து வெளிச்சத்தை ஏற்றுகிறார்கள். "நல்லா தூக்கிக் குடுங்கண்ணா" என்று அப்பாவே சொல்கிறார். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் நேரில் வந்து பார்த்துவிட்டு, "போட்டோல வேற மாதிரி இருந்துச்சே" என்றார்கள். காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போன பெண் மூன்று நாள் வெளியே வரவில்லை. படத்தை மாற்றியது ஸ்டுடியோக்காரர், மாற்றச் சொன்னது அப்பா, மாற்றும்படி ஆக்கியது சந்தை. ஏமாற்றுக்காரி என்ற பெயர் அவளுக்கு.

மென்பொருள் வெறும் கருவிதானே என்பார்கள். கருவிக்கும் ஒரு பிறப்பு உண்டு. கணினியில் படத்தைக் கையாளும் ஆய்வுகளுக்குப் பல பத்தாண்டுகள் சோதனைப் படமாக இருந்தது எது தெரியுமா? 1972-இல் பிளேபாய் இதழின் நடுப்பக்கத்தில் வந்த லேனா என்ற பெண்ணின் படம். 1973-இல் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் அதைத் தோள்வரை வெட்டி ஸ்கேன் செய்தார்கள். அதைத் தன் இதழ்களில் ஏற்பதை ஐஇஇஇ கணினிச் சங்கம் நிறுத்தியது 2024 ஏப்ரலில்தான். ஃபோட்டோஷாப் 1990-இல் வெளிவந்தது. அதற்கு முன் அதை விளக்கிக்காட்ட ஜான் நோல் பயன்படுத்திய படமும் ஒரு பெண்ணுடையதே: கடற்கரையில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த அவருடைய காதலி. அந்தப் பெண்ணை நகலெடுத்து இன்னொருத்தியாக ஒட்டிக் காட்டினார்கள். அதற்கும் முன்னால் கோடாக் நிறுவனம் ஃபிலிம் கழுவும் கடைகளுக்கு அனுப்பிய 'ஷெர்லி அட்டை'யில் வெள்ளைத்தோல் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் தோல் சரியாக வந்தால் நிறம் சரி. நம் தோல் இருட்டாகிப் போனால் அது நம் தோலின் குற்றம்.

2002-இல் ஃபோட்டோஷாப்பில் 'ஹீலிங் பிரஷ்' வந்தது. நல்ல இடத்தின் நயத்தை எடுத்து, ஒட்டும் இடத்தின் நிறத்தோடும் வெளிச்சத்தோடும் கலந்துவிடும், ஒட்டுத் தெரியாது. அருமையான கருவிதான். பெயரைப் பாருங்கள்: ஆற்றும் தூரிகை. மச்சம் என்ன புண்ணா, ஆற்றுவதற்கு?

நான் தமிழ் படித்தவள். எனக்குக் கோபம் வரும் இன்னோர் இடம் உண்டு. சங்கக் கவிதையில் மாமை அழகு. மாந்தளிரின் நிறம் அது. நிறம் வெளிறிப்போவதற்குப் பசலை என்று பெயர், அது பிரிவின் நோய். குறுந்தொகையில் வெள்ளிவீதியார் பாடியது தன் மாமை அழகைப் பசலைக்குப் பறிகொடுக்கும் துயரத்தை. திருக்குறளில் பசப்புக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. நோயென்று நம் கவிஞர்கள் அழுத நிறத்தை இன்று 'பியூட்டி மோட்' என்று போனிலேயே போட்டுத் தருகிறான். 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-இல் பெயரை மாற்றிக்கொண்டது. நம் போன் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

"எடிட் பண்றது எங்களுக்குப் பிடிச்சிருக்கு மேம், அது எங்க சந்தோஷம்" என்று வகுப்பில் ஒருத்தி எதிர்த்துக் கேட்டாள். கேட்டது சரிதான். பின்னணியில் நிலாவை ஒட்டு, கூந்தலை நீலமாக்கு, அருவியைத் தலைகீழாக ஓடவிடு. நானும் செய்கிறேன். அம்மாவின் கல்யாணப் படத்தில் பூஞ்சை தின்ற இடத்தை மூன்று இரவு உட்கார்ந்து சரிசெய்தேன். மூக்குத்தி திரும்ப மின்னியது. அவள் கன்னத்து அம்மைத் தழும்பைத் தொடவில்லை. பூஞ்சை, படத்தின் பழுது. தழும்பு என் அம்மா. இந்த வித்தியாசம் தெரிந்தவளுக்கு எந்தக் கருவியும் பகையில்லை. ஆனால் சந்தோஷத்துக்காகச் செய்கிறேன் என்பவளை நான் ஒன்று கேட்பேன்: திருத்தாமல் போட உன்னால் முடியுமா? முடியும் என்றால் அது விளையாட்டு. முடியாது என்றால் அது கட்டளை.

இதே கருவியின் இன்னொரு முகத்தை எங்கள் பக்கத்து மாவட்டம் பார்த்தது. 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை வேறோர் உடலில் ஒட்டி முகநூலில் போட்டான் ஒருவன். குடும்பம் காவல்துறையில் புகார் கொடுத்தது. உதவி வருமுன் அவள் உயிரை விட்டாள். இன்று செயற்கை நுண்ணறிவு அந்த வேலையைச் சில நொடிகளில் முடித்துவிடுகிறது. அப்போதும் ஊர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நீ ஏன் போட்டோ போட்ட?"

வெளுத்த படத்துக்கும் ஒட்டிய படத்துக்கும் நடுவே நான் பார்க்கும் உறவு இதுதான். இரண்டிலும் பெண்ணின் படம் பெண்ணுக்குச் சொந்தமில்லை. யாரோ மாற்றுகிறார்கள், பதில் சொல்ல வேண்டியவள் அவள்.

நார்வே 2021-இல் ஒரு சட்டம் இயற்றியது. உடலைத் திருத்திய விளம்பரப் படத்தில் திருத்தப்பட்டது என்ற குறி இருக்க வேண்டும். பிரான்சில் 2017 முதலே அப்படியொரு விதி உண்டு. இங்கேயும் அது வேண்டும், நகைக்கடைப் பலகையிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வரனுக்குப் படம் கொடுத்தே தீர வேண்டுமென்றால் எடுத்தபடி கொடுங்கள், மாப்பிள்ளை படத்தையும் எடுத்தபடி கேளுங்கள். கல்லூரிகளில் பெண்களுக்கு இந்த மென்பொருளைக் கற்றுக்கொடுங்கள். எப்படி ஒட்டுகிறார்கள் என்று தெரிந்தவள் ஒட்டிய படத்தைக் கண்டு சாகமாட்டாள், புகார் எழுதுவாள். பெற்றோரே, அப்படியொரு படம் வந்தால் முதல் வார்த்தையாக "உன்மேல தப்பில்ல" என்று சொல்லுங்கள்.

என் மாணவிக்கு அவள் திருத்திய படத்தைத்தான் குழுவில் போட்டேன். அது அவள் முகம், முடிவும் அவளுடையது. எடுத்தபடி இருக்கும் படத்தை அவளுக்கு மட்டும் திருப்பி அனுப்பி எழுதினேன்: "இதையும் வச்சுக்கம்மா. உன் பல்லுல இருக்கறது உன் ஊர்த் தண்ணியோட கணக்கு. அதுக்கு நீ பதில் சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டியவங்ககிட்ட வாயத் தொறந்து கேளு."