ஓடாத சக்கரத்தின் வயது

கடல் நாவல்களை வாசிக்கும் நண்பர்களுக்குக் கட்டுமரம் தெரியும், பாய் தெரியும், வலை தெரியும், வாடையும் கொண்டலும் தெரியும். ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004இல் வெளிவந்தபோது, கடலைக் கரையில் நின்று மட்டுமே பார்த்திருந்த பலர் அதன் பக்கங்களின் வழியாகக் கட்டுமரம் ஏறினார்கள். ஆனால் கலம் கரையேறிய பிறகு அதற்கு என்ன ஆகிறது என்பதில் நமக்கு அவ்வளவு ஆர்வம் இருப்பதில்லை. நான் எழுத விரும்புவது அதைப் பற்றித்தான். இன்னும் குறிப்பாகச் சொன்னால், வள்ளத்தைச் சுமக்கும் டிரெய்லரின் டயரைப் பற்றி. இலக்கியம் பேசும் இடத்தில் இதென்ன பஞ்சர் கடைப் பேச்சு என்று சிலர் முகம் சுளிக்கலாம். கொஞ்சம் பொறுமையாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கட்டுமரத்துக்குச் சக்கரம் தேவைப்படவில்லை. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்தால் அது தனித்தனி மரங்களாகிவிடும். தோளில் சுமந்து மேட்டில் கொண்டுபோய் உலர்த்துவார்கள். மறுநாள் மீண்டும் கட்டுவார்கள். 1980களில் முட்டத்தில் ப்ளைவுட் வள்ளங்கள் கட்டப்பட்டன. பிறகு ஃபைபர் வள்ளங்கள் குமரிக் கரை முழுவதும் பரவின. ஃபைபர் வள்ளத்தை அவிழ்க்க முடியாது. அது ஒரே உடல். பழுது பார்க்கவோ, விற்கவோ, பருவத்துக்கு வேறு கரைக்குத் தொழிலுக்குப் போகவோ வேண்டுமென்றால் அதைச் சாலையில் ஏற்றியாக வேண்டும். ஆகவே டிரெய்லர் நம் கடற்கரை வாழ்வின் ஓர் உறுப்பாகிவிட்டது. ஆனாலும் வீட்டுக்கு வந்த மருமகனுக்குக் கிடைக்கும் மரியாதை வள்ளத்துக்கும், சுமைதூக்கிக்குக் கிடைப்பது டிரெய்லருக்கும் என்றுதான் இருக்கிறது. வள்ளத்துக்கு வருடந்தோறும் பெயின்ட், திருநாளுக்கு மந்திரிப்பு. டிரெய்லருக்கோ வேறு வண்டியிலிருந்து கழற்றிய டயர்.

இதை நான் குறை சொல்லும் தொனியில் எழுதவில்லை. என் மாமாவின் டிரெய்லரும் அப்படித்தான் இருந்தது. 2019 ஜூலையில் ஒரு காலை, பட்டறையில் அடிப்பாகம் ஒட்டி முடித்த வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். பின்னால் பைக்கில் நான். ஒரு வளைவைக் கடந்து நேர்ச்சாலைக்கு வந்து சற்று வேகம் பிடித்தபோது இடப்பக்க டயர் வெடித்தது. டிரெய்லர் சாய்ந்தது, கயிறு அறுந்தது, வள்ளத்தின் விலா தார்ச்சாலையில் உராய்ந்துகொண்டே போய் நின்றது. அதற்குச் சில நொடிகளுக்கு முன்னால்தான் சைக்கிளில் ஒரு பள்ளிச் சிறுமி அந்த இடத்தைக் கடந்து போயிருந்தாள். வள்ளம் மீண்டும் பட்டறைக்குப் போயிற்று. கணவாய் பிடிபடும் நாட்களில் ஒரு மாதம் தொழில் போயிற்று. பணத்தைச் சம்பாதித்துக்கொள்ளலாம். அந்தச் சிறுமியின் இரட்டைச் சடை இப்போதும் என் நினைவில் இருக்கிறது.

வெடித்த டயரைப் பஞ்சர் கடைக்கு எடுத்துப்போனோம். மாமாவால் நம்பவே முடியவில்லை. “பட்டன் அப்பிடியே இருக்கே மக்கா” என்றார். உண்மைதான். தரையில் படும் பாகத்தில் பள்ளமும் மேடும் புதிதுபோல் இருந்தன. கடைக்காரத் தம்பி டயரின் பக்கவாட்டில் விரலை வைத்துத் துடைத்து, ஒரு நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களைக் காட்டினான். 1408. “அண்ணே, இது 2008லே பதினாலாவது வாரத்துல செஞ்சது. தேய்ஞ்சு சாகல்ல, இருந்தே செத்திருக்கு” என்றான். பதினொரு வருடம். அதில் அந்த டயர் ஓடிய தூரத்தைக் கணக்கிட்டால் நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு ஒருமுறை போய்த் திரும்பிய அளவுகூட வராது.

என் கருத்து இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. டயர் என்றால் தேய்மானம் என்று நாம் பழகியிருக்கிறோம். பேருந்துக்கும் லாரிக்கும் அது சரி. அவை தேய்ந்து முடிகின்றன. 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே பட்டன் போனால் மாற்று என்ற அளவும் அவற்றுக்குப் பொருந்தும். வருடத்தில் நாலைந்து முறை மட்டும் உருளும் சக்கரத்துக்கு அந்த அளவுகோல் எதையும் சொல்வதில்லை. அதன் நோய் வேறு. ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஆக்சிஜனும் ஓசோனும் மெல்ல அறுக்கின்றன. வெயிலும் சூடும் அதற்குத் துணைபோகின்றன. இதைத் தடுக்கத் தயாரிப்பின்போதே ஒருவகை மெழுகும் வேதிப்பொருள்களும் கலக்கப்படுகின்றன. டயர் உருண்டு நெளியும்போது அவை உள்ளிருந்து கசிந்து மேற்பரப்பில் ஒரு மெல்லிய போர்வையாகப் படிகின்றன. நின்றுகொண்டே இருக்கும் டயரில் அந்தக் கசிவு குறைந்துவிடுகிறது. ஓடாமல் இருப்பதே அதற்குக் கேடு. போதாததற்குக் காற்று இறங்கி, ஒரே இடத்தில் பாரம் அழுந்தி, பக்கச்சுவர் மடிந்து கிடக்கிறது. பிறகு ஒருநாள் திடீரென்று ஒன்றரை டன்னை ஏற்றி ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடச் சொல்கிறோம்.

இந்த மாவட்டத்துக்காரர்கள் இதை அறியாமல் இருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. குலசேகரத்துக்கும் கீரிப்பாறைக்கும் போனால் மலைச்சரிவு முழுக்க ரப்பர். அரசு ரப்பர் கழகம் 1984 முதல் இங்கேதான் இயங்குகிறது. கடலில் நம் ஆட்கள் வலை விரிக்கும் அதே விடியலில் அங்கே பால் வெட்டுகிறார்கள். ஷீட்டைச் சரியாக உலர்த்திப் புகைபோடாவிட்டால் பூசணம் பிடிக்கும் என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ரப்பர் மரத்திலிருந்து வந்த ஒரு பொருள், அதற்கு இளமையும் முதுமையும் உண்டு என்ற அறிவு மலையிலிருந்து முப்பது கிலோமீட்டர் கீழே இறங்கிக் கடற்கரைக்கு வந்துசேரவில்லை.

எப்போது மாற்றுவது? நான் விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முதலில் அந்த நான்கு எண்களைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2000க்குப் பிந்தைய டயர்களில் இந்த முறைதான். ஐந்து ஆண்டு கடந்ததை வருடம் ஒருமுறை விவரம் தெரிந்தவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும். பத்தைத் தொட்டால், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். டயர் நிறுவனங்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது. உப்புக்காற்றிலும் திறந்த வெயிலிலும் நிற்கும் டிரெய்லருக்குப் பத்துவரை காத்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். வயது எதுவானாலும், பக்கச்சுவரில் வலைபோல வெடிப்பு, எங்கேனும் வீக்கம், உள்ளிருக்கும் நூலோ கம்பியோ வெளியே தெரிதல், காற்றடித்தும் நாலே நாளில் இறங்கிப்போதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த டயர் சாலைக்கு ஆகாது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் புது டயர் போடுவது வீண். மாற்றும்போது ஒரே அச்சிலுள்ள இரண்டையும் மாற்ற வேண்டும். ஸ்டெப்னியின் வயதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கூட்டத்திலேயே மூத்தது அதுதான்.

பாரக் கணக்கையும் நாம் போடுவதில்லை. டயரின் பக்கத்தில் அது தாங்கும் பாரத்துக்கான குறியெண் இருக்கிறது. 100 என்றிருந்தால் 800 கிலோ. இரண்டு சக்கரத்துக்கு 1,600. வள்ளத்தின் எடையோடு எஞ்சின், வலை, ஐஸ் பெட்டி, அடியில் தேங்கிய தண்ணீர், டிரெய்லரின் சொந்த எடை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அடியில் இருநூறு லிட்டர் தண்ணீர் நின்றால் அதுவே இருநூறு கிலோ. புறப்படுமுன் அடைப்பைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டாலே டயரின் பாரம் குறையும்.

பராமரிப்புக்குப் பெரிய செலவில்லை. டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் மாதம் ஒருமுறை காற்றைப் பார்ப்பது. குறைந்த காற்றில் ஓடும் டயர்தான் உள்ளுக்குள் சூடேறி வெடிக்கிறது. கடல்நீரில் இறங்கியதும் சக்கரத்தை நல்ல தண்ணீரால் கழுவுவது. சாலையில் ஓடிச் சூடான சக்கரத்தை அப்படியே கடலில் இறக்காமல் ஆறவிடுவது. சூடான ஹப் சட்டென்று குளிரும்போது உப்புநீரை உள்ளே இழுத்து, கிரீஸைக் கெடுத்து, பேரிங்கைத் தின்றுவிடும். நீண்டநாள் நிற்கப்போகிறதென்றால் அச்சுக்குக் கட்டை கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, தென்னோலையோ சாக்கோ போட்டு மூடுவது. பளபளப்புக்காக மண்ணெண்ணெயோ டீசலோ தடவுவதை நிறுத்துவது. அவை ரப்பரை ஊறவைத்து அழிக்கும்.

மாமாவின் நண்பர் ஒருவர் இதற்கு மறுப்புச் சொன்னார். “மணலில் நூறு அடி இழுக்கிறதுக்கு எதுக்குப் புது டயர்?” இதில் நியாயம் இருக்கிறது. நடை வேகத்தில் மணலில் உருளும் சக்கரத்துக்கும் சாலையில் பறக்கும் சக்கரத்துக்கும் ஒரே விதி வைக்க முடியாது. கரையைத் தாண்டாத டிரெய்லருக்கு வயதான டயர் போதும் என்று நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த டிரெய்லர் கரையைத் தாண்டவே தாண்டாது என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது மீனவர்கள் 669 படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனார்கள். குறைந்தது 65,000 பேரைக் காப்பாற்றினார்கள் என்பது அந்த மாநில அரசின் கணக்கு. அவர்கள் ஏற்றிச் சென்றவை தினமும் ஓடும் லாரிகள், ஆகவே சக்கரம் கைவிடவில்லை. அப்படி ஓர் இரவில் நம் கரையில் லாரி கிடைக்காமல் டிரெய்லர் மட்டுமே இருந்தால்?

கரையிலேயே நிற்கும் டிரெய்லருக்கும் அப்படி ஓர் இரவு உண்டு. காற்றில்லாமல், மழையில்லாமல், தெற்கே எங்கோ பெருங்கடலில் பிறந்த அலை நம் கரையில் வந்து ஏறுவதைக் கள்ளக்கடல் என்கிறோம். 2024 மே மாதத் தொடக்கத்தில் ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் மையம் கேரளத்துக்கும் தென்தமிழகத்துக்கும் அந்த எச்சரிக்கையை விடுத்தது. அம்மாதிரி நேரங்களில் வள்ளத்தை மேட்டுக்கு ஏற்ற ஒருசில மணி நேரம்தான் இருக்கும். மாதக்கணக்கில் அசையாமல் நின்ற சக்கரம் அசைந்தே ஆகவேண்டிய நேரம் அது. தட்டையாகிப்போன டயரோடு மணலில் புதைந்த டிரெய்லரை அலைக்கு நடுவே பத்துப் பேர் தள்ளுவதைப் பார்த்தவர்கள் மணலில் எதுவும் போதும் என்று சொல்லமாட்டார்கள்.

வள்ளத்தின் பக்கத்தில் பதிவு எண்ணை எழுதுகிறோம். டிரெய்லரின் சட்டத்தில், டயரின் வாரத்தையும் ஆண்டையும் பெயின்டால் எழுதிவைக்கலாம். ஊர்க் கமிட்டியோ மீனவர் சங்கமோ வருடத்துக்கு ஒருநாள் எல்லா டிரெய்லர்களையும் வரிசையில் நிறுத்திப் பார்க்கலாம். தனித்தனியாக வாங்க முடியாதவர்கள் நாலு வள்ளத்துக்கு ஒரு நல்ல டிரெய்லர் என்று பொதுவில் வைத்துக்கொண்டால், அது அடிக்கடி ஓடும், டயரும் கெடாது, செலவும் பங்காகும்.

மாமா இப்போது ஆனி பிறந்ததும் டிரெய்லருக்கு அருகே குந்தி உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த நான்கு எண்களை வாய்விட்டு வாசிக்கிறார். அவருடைய டிரெய்லரில் இருப்பது 2219. அடுத்த பருவத்துக்கு முன் மாற்றிவிட வேண்டும் என்று போன வாரம் என்னிடம் சொன்னார். பட்டன் அப்படியேதான் இருக்கிறது.