குழாய் போகும்போதே துணுக்கும் எடுக்கட்டும்

ரத்தசோகைக்கு மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் பலனில்லை என்றால், டாக்டர் எண்டோஸ்கோப்பி செய்யச் சொல்கிறார். வாய் வழியே குழாயை விட்டு, புண் இருக்கிறதா, ரத்தம் கசிகிறதா என்று பார்க்கிறார்கள். 'பார்வைக்கு எல்லாம் சரி' என்ற அறிக்கையோடு நோயாளி வீடு திரும்புகிறார். சோகை மட்டும் தீர்வதில்லை. இவர்களில் சிலருக்குச் சீலியாக் நோய் இருக்கலாம் என்பதே என் கவலை.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதைச் சாப்பிட்டால், உடலின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடல் விரல்கள் தேய்ந்துபோகின்றன. பேதி, எடை குறைவு என்று வரலாம்; ரத்தசோகை மட்டுமே அடையாளமாகவும் இருக்கலாம்.

'இது வடக்கத்தியர் நோய், நமக்கென்ன?' என்று நம்மவர்கள் நினைக்கக்கூடாது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வயது வந்தோரில் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேருக்கும், தென்னிந்தியாவில் 0.10 சதவீதம் பேருக்கும் இந்நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் காணப்பட்டன. ஆனால் நோய்க்கு இடம் தரும் மரபணுக்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தன. பெரிய வேறுபாடு, சாப்பிடும் கோதுமையின் அளவில்தான். இங்கே குடியேறி இருவேளையும் சப்பாத்தி சாப்பிடும் நாம் இதை யோசிக்க வேண்டும்.

நான் மருத்துவன் அல்ல. ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவன். மேலே பளபளவென்றிருக்கும் தண்டவாளத்தின் உள்ளே விரிசல் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் அல்ட்ராசோனிக் கருவி வைத்துச் சோதிக்கிறோம். குடலும் அப்படித்தான். முன்சிறுகுடலில் மடிப்புகள் குறைந்தோ, விளிம்பு பல் பல்லாகவோ தெரிந்தால் டாக்டர் சந்தேகிப்பார். அப்படி எதுவும் தெரியாமலும் நோய் இருக்கும். ஆகவே சதைத் துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பாதிப்பு திட்டுத்திட்டாக இருக்குமாதலால், முன்சிறுகுடலின் தொடக்கத்தில் ஒன்றிரண்டும், அதற்கு அப்பால் குறைந்தது நான்கும் எடுப்பது முறை. குழாய் உள்ளே இருக்கும்போது இதற்குச் சில நிமிடங்களே கூடுதலாகும்.

எல்லோருக்கும் எடுக்க வேண்டுமா? வேண்டாம். செலவும் உண்டு, பரிசோதகரின் நேரமும் உண்டு. வெறும் நெஞ்செரிச்சலுக்கு வந்தவரை விட்டுவிடலாம். காரணம் தெரியாத ரத்தசோகை, நாள்பட்ட பேதி, எடை குறைவு உள்ளவர்களுக்கு அவசியம் எடுக்கவேண்டும் என்பது என் கருத்து. டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனையும் சேர்ந்தால் முடிவு உறுதிப்படும்.

அன்பர்கள் இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். பரிசோதனைக்கு முன் நீங்களாகக் கோதுமையை நிறுத்தாதீர்கள். குடல் ஆறத் தொடங்கினால் நோய் பிடிபடாமல் போகலாம். குழாய் விடுமுன், "சிறுகுடலில் துணுக்கு எடுப்பீர்களா?" என்று டாக்டரிடம் கேளுங்கள்.

நோய் உறுதியானால் பத்தியம்தான் வைத்தியம். அதுவும் ஆயுள் முழுவதும். அரிசி, கேழ்வரகு, கம்பு நமக்குப் புதியவை அல்லவே! ரவை, சேமியா, மைதாவோடு, கோதுமை மாவு கலந்த கூட்டுப் பெருங்காயத்தையும் ஒதுக்க வேண்டும் என்பதை மட்டும் வீட்டிலுள்ளவர்கள் மறக்கக்கூடாது.