ரிவால்வரின் குழல்: குட்டையா, நீளமா?

துப்பாக்கி லைசென்ஸ் கோரிக் கலெக்டர் ஆபீஸ் படியேறும் வியாபாரி, ரொக்கத்தோடு போய்வர வேண்டியிருக்கிறது, உயிருக்குப் பயமாயிருக்கிறது என்கிறார். லைசென்ஸ் கைக்கு வந்ததும் அவருக்கு வேறொரு யோசனை பிடித்துக்கொள்கிறது: இடுப்பில் மறையும் குட்டைக் குழல் ரிவால்வரா, கைக்கு நிறைவான நீண்ட குழலா? இது அவரவர் ருசியைப் பொறுத்ததென்று பலர் தள்ளிவிடுகின்றனர். திருப்பூரைப் பொறுத்தவரை நாம் அவ்வாறு கருதவில்லை.

குறி பார்க்க உதவும் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையேயுள்ள தூரமே இதில் முக்கியம். 2 அங்குலக் குழலில் அது சுமார் 100 மில்லிமீட்டர். 4 அங்குலக் குழலில் ஏறக்குறைய 150. கை நடுங்கி முன்முனை ஒரு மில்லிமீட்டர் பிசகினால், 10 மீட்டருக்கு அப்பால் குட்டைத் துப்பாக்கியின் குண்டு 10 சென்டிமீட்டர் விலகும். நீண்டது 7 சென்டிமீட்டருக்குள் அடங்கும். அஞ்சிய கை ஒரு மில்லிமீட்டரோடு நிற்குமா? மேலும் குட்டைக் குழலில் வெடியின் ஓசையும் சுடரும் அதிகம். முனையில் பாரம் குறைவாதலால் துப்பாக்கி மேல்நோக்கித் துள்ளும். பிரிட்டிஷ் ராணுவமே 4 அங்குல வெப்லியை விட்டு 1915-ல் 6 அங்குலத்திற்குப் போயிற்று. குட்டைக் குழலுக்கும் நியாயம் உண்டு. சட்டென உருவலாம், கைகலப்பில் எதிரி குழலைப் பிடித்து முறுக்குவது கடினம். மறுப்பதற்கில்லை.

ஆனால் காதர்பேட்டைச் சந்துகளை நினைத்துப் பாருங்கள். கடையை ஒட்டிக் கடை. பனியன் கம்பெனியின் பின்சுவருக்கு அப்பால் வெளியூர்த் தொழிலாளர் குடும்பத்தோடு வசிக்கும் லைன் வீடுகள். திருடனுக்குத் தப்பிய குண்டு யாரைத் தேடிப் போகும்?

1930-ல் வைஸ்ராய் இர்வினுக்கு வைத்த பதினொரு கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வேண்டும் என்பதைக் காந்தியடிகளும் சேர்த்தார். அது ஜனங்களின் கண்காணிப்புக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்றும் கூறினார். 1931 கராச்சி காங்கிரஸும் ஆயுத உரிமையை விதிகளுக்கு உட்பட்டதென்றே வகுத்தது. 1878-ம் வருஷத்து அந்நியச் சட்டம் போய், 1959-ல் நம்முடைய சட்டம் வந்தது. 2016 விதிகள் பயிற்சிச் சான்றும் கேட்கின்றன.

இன்று சாதாரணப் பிரஜைக்குக் கிடைப்பது பெரும்பாலும் கான்பூரில் செய்யப்படும் .32 ரகங்களே. 2014-ல் வந்த 'நிர்பீக்' அரைக் கிலோ. 2023-ல் வந்த 'பிரபல்' சுமார் 700 கிராம், குழல் 76 மில்லிமீட்டர். லேசாயிருப்பதைக் கண்டு மகிழ்கிறவர், எடை குறையக் குறைய உதைப்புக் கூடுமென்பதை மறந்துவிடுகிறார். இதைவிடக் குட்டையானதைத் தேடுவோர் தற்காப்பை நாடுகிறார்களா, மறைத்துக்கொண்டு திரியும் பெருமையை நாடுகிறார்களா என்று சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. பூட்டிய ஆபீஸ் அறையில் இருக்க வேண்டிய ஆயுதத்திற்கு ஒளிவு எதற்கு?

நீண்டதையே எடுங்கள் என்பது நம் அபிப்பிராயம். சம்பளத்தை வங்கி மூலம் போடும் முதலாளிக்கு இரண்டும் வேண்டியதில்லை. அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை: லைசென்ஸைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும், தாம் வைத்திருக்கும் அதே ரிவால்வரால் பத்து மீட்டரில் சுட்டுக் காட்டும்படி அவரைக் கேட்க வேண்டும். பழைய பயிற்சிச் சான்று அதற்கு ஈடாகாது.