ஆலை வாசலுக்கு வாருங்கள், தோழர்களே!

மொனாங்ககேலா ஆற்றங்கரைத் தோழர்களே! உருக்காலைக் குடும்பங்களின் பிள்ளைகளே, பேரப்பிள்ளைகளே!

பிட்ஸ்பர்க்கை அடுத்த நம் ஹோம்ஸ்டெட் உருக்காலையை 1986-இல் மூடினார்கள். எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு எஃகு தந்த ஆலை அது. அந்த மண்ணில் இன்று வணிக வளாகம் நிற்கிறது. நமக்கு மிஞ்சியவை சொற்பம்: வரிசையாகப் பன்னிரண்டு புகைபோக்கிகள், ஆற்றோரம் ஒரு பம்ப் ஹவுஸ், அக்கரையில் கேரி ஊதுலைகள் இரண்டு.

அந்தப் பம்ப் ஹவுஸ் கரையில் நடந்ததை மறக்க முடியுமா? 1892-இல் ஆலை முதலாளி கார்னகியின் மேலாளர் ஃப்ரிக் சங்கத்தை ஒழிக்கக் கதவடைப்பு செய்தார். ஜூலை 6 விடியற்காலை, பிங்கர்ட்டன் நிறுவனத்தின் அடியாட்கள் சுமார் 300 பேர் துப்பாக்கிகளோடு படகில் வந்தார்கள். ஆணும் பெண்ணுமாய் ஊரே கரைக்கு ஓடிவந்து மறித்தது. மாலைக்குள் அடியாட்கள் சரணடைந்தார்கள். நம்மவர் ஏழு பேர் உயிர்கொடுத்தார்கள். பிறகு அரசின் படை வந்தது, கருங்காலிகளை வைத்து ஆலை ஓடியது, சங்கம் நொறுங்கியது. ஆலை நிறுவனம் மீண்டும் ஒரு தொழிற்சங்கத்தை ஏற்க 1937 வரை ஆயிற்று.

கேரி ஊதுலைகள் 1907-இல் எழுந்தவை. 92 அடி உயரம். அங்கே உருகிய இரும்பு, பாலம் கடந்து ஹோம்ஸ்டெட்டுக்கு வந்து எஃகானது. ஸ்லோவாக்கியரும் ஹங்கேரியரும் கறுப்பினத் தோழர்களும் அந்த அனலில் வெந்தார்கள். 2006-இல் அந்த ஊதுலைகள் தேசிய வரலாற்றுச் சின்னமாயின. ஆனால் அரசு ஆணை துருவைத் தடுக்காது. மக்கள் நடமாட்டம் இருக்கும் இடத்துக்குத்தான் கூரை மாற்றப் பணம் வரும். ஆளரவமற்ற ஆலைக்கு இரும்புக்கடைக்காரர்தான் வருவார்.

அதனால்தான் சொல்கிறோம்: எஞ்சிய ஆலையில் விழா எடுங்கள்! நினைவுநாள் கூட்டம், பாட்டு, நாடகம், குழந்தைகள் கண்முன்னே இரும்பு வார்க்கும் செயல்விளக்கம், எல்லாம் அங்கேயே நடக்கட்டும். ஊதுலையைச் சுற்றிக்காட்டும் வேலையை, அங்கே உழைத்தவர்களே முன்நின்று செய்யட்டும். வார்ப்பு மேடையில் நிற்கும்போது முகத்தில் அறையும் அனலை அவர்கள் சொல்வதுபோல் எந்தப் பலகையும் சொல்லாது.

காலம் நமக்காகக் காத்திருக்கவில்லை. ஆலை மூடியபோது இளைஞராக இருந்தவர்களே இன்று அறுபதைத் தொட்டுவிட்டார்கள். ஒவ்வொரு மரணத்தோடும் ஒரு உலையின் கதை புதைகிறது.

ஆகவே தோழர்களே, இன்றே தொடங்குங்கள். அப்பாவின் தலைக்கவசத்தையும் தாத்தாவின் சங்க அட்டையையும் பரணிலிருந்து இறக்குங்கள். முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்யுங்கள். நாற்காலி போடவும் வழிகாட்டவும் பெயர் கொடுங்கள். ஜூலை 6 அன்று பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு பம்ப் ஹவுஸுக்கு வாருங்கள். ஏழு பேர் உயிர்கொடுத்துக் காத்த கரை அது. அதை வெறுமையாக விடாதீர்கள்!