வண்டியின் அடியில் கைவைக்குமுன்

கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி முதலிய ஊர்கள் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல்நிலத்தில் அமைந்தவை. அங்கு வீசும் உப்புக்காற்று வண்டியின் அடிப்பாகத்து இரும்பை விரைவிலே துருப்பிடிக்கச் செய்கிறது. வாவிக்கு அப்பால், படுவான்கரையின் கிரவல் வீதிகளோ 'ஷொக் அப்சோபர்' என நாம் வழங்கும் அதிர்வுதாங்கியைத் தளர்த்திவிடுகின்றன. பள்ளத்தில் இறங்கி எழுந்த வண்டி பலமுறை துள்ளுமாயின், அல்லது அதிர்வுதாங்கியில் எண்ணெய் கசிந்திருக்குமாயின், அதனை மாற்றும் காலம் வந்துவிட்டதென அறியலாம்.

இவ்வேலையை வீட்டிலே செய்யலாமா? ஒரு பகுதியைச் செய்யலாம். ஒரு பகுதியைத் தொடவே கூடாது.

பின்புறத்தே முழு அச்சும் பட்டைவில்லும் உடைய வான்களில் அதிர்வுதாங்கி தனியே பூட்டப்பட்டிருக்கும். அதனைக் கழற்றுதல் பொறுமையுள்ளவர்க்கு இயலும். முதல்நாள் மாலையிலேயே நட்டுகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் இட்டு வைத்தல் நன்று. மறுநாள் முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பின் அச்சை ஜக்கினால் உயர்த்துக. ஜக்கு உயர்த்துவதற்கே உரியது, தாங்குவதற்கு உரியதன்று. அச்சின் இருபுறத்தும் இரும்புத் தாங்கிகளை நிறுத்தி, வண்டியை அவற்றின்மேல் இறக்கிய பின்னரே உள்ளே கைநீட்டல் வேண்டும். நம் முற்றத்து மணலில் தாங்கி மெல்லப் புதைந்து சாயும். ஆதலால் சமமான சீமெந்துத் தரையே தக்கது. சீமெந்துக் கற்களை அடுக்கி முட்டுக்கொடுத்தல் அறவே ஆகாது; பாரத்தில் அவை திடீரென நொறுங்கும். பிள்ளைகள் அவ்விடத்தை அணுகாதிருக்கட்டும்; பெரியவர் ஒருவர் துணைக்கு நிற்கட்டும்.

ஒரு பக்கத்தைப் பூட்டி முடித்த பின்னரே மறுபக்கத்தைக் கழற்றுக. கழற்றாத பக்கம் நமக்கு மாதிரியாய் உதவும். எனினும் இரண்டையும் சோடியாகவே மாற்றுதல் வேண்டும். றப்பர் புஷ் உள்ள இடத்து நட்டுகளை, வண்டியின் பாரம் அச்சின்மேல் இருக்கும்போதே இறுதியாக இறுக்குக. அச்சு தொங்கும் நிலையில் இறுக்கினால், றப்பர் முறுகி விரைவிலே கிழிந்துபோகும். ஐம்பது கிலோமீற்றர் ஓடியபின் எல்லா நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை சோதித்தல் நலம்.

இனி, தொடக்கூடாதது யாது? இன்றைய கார்கள் பலவற்றின் முன்புறத்தே சுருள்வில்லும் அதிர்வுதாங்கியும் ஒன்றாய் இணைந்திருக்கும். ஏர்ல் மக்பர்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளரின் பெயரால் வழங்கும் இம்முறை, 1950-ஆம் ஆண்டு அறிமுகமான ஃபோர்ட் கொன்சல் காரில் இடம்பெற்றுப் பின்னர் உலகெங்கும் பரவியது. அதன் சுருள்வில் எந்நேரமும் பெருவிசையோடு அமுக்கப்பட்டே இருக்கிறது. சில்லைக் கழற்றினாலும் அவ்விசை முற்றும் நீங்குவதில்லை. உச்சியின் நடுவிலுள்ள நட்டு ஒன்றே அதனை அடக்கி வைத்திருக்கிறது. வில்லை அமுக்கிப் பிடிக்கும் தக்க கருவியின்றி அந்நட்டைத் தளர்த்தினால், வில் பாய்ந்தெழுந்து எதிர்நிற்பவரின் உயிரையே பறிக்கக்கூடும். அவ்வேலையைக் கராஜிலுள்ள தொழில் வல்லாரிடமே ஒப்படைத்தல் அறிவுடைமை.

கூலியில் மிச்சம் பிடிப்பது குடும்பத்துக்கு நல்லதே. ஆயினும் வண்டியின் அடியிற் கிடப்பவர் அக்குடும்பத்தின் தலைவராகவோ மைந்தராகவோ இருப்பார் என்பதை நாம் மறத்தலாகாது.